ஆற்றும் உயரம்

கோபானில் தூறலுக்கு சிப்பிசிப்பி என்று பெயர்.
ஒன்பது நாளாக நிற்கவில்லை.
ஒன்பது நாளாக கிரிசாந்தோவிடமிருந்து
அழைப்பும் இல்லை.

விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
கால் சென்டரிலிருந்து எல்விரா வருவதற்குள்
கொக்கோவை வறுத்துவிட வேண்டும்.
மண்தட்டு சூடேறி
கொட்டைகள் ஒவ்வொன்றாய் வெடிக்கும்போது
முதலில் எழுவது புளித்த வாசனை, வினிகர் மாதிரி.
அவசரப்பட்டு இறக்கினால் அதுவே தங்கிவிடும்.
கொஞ்சம் பொறுத்தால் ரொட்டி மணம்.
இன்னும் கொஞ்சம் விட்டால் கரி.
நடுவே எங்கோ ஓர் இடம் இருக்கிறது,
சண்டையில் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் போல.
நான் அதைத் தவறவிடுகிறவன்.

ஃப்ரிட்ஜ் வாங்க அவள் சேர்த்த பணம் அது.
மாவு டப்பாவுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி
நாலாயிரத்து இருநூறு கெட்சால்.
வடக்கே போகிறேன் என்றான் தம்பி.
எடுத்துக் கொடுத்தேன்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றுமில்லாததில்தான்
இருவரும் குடியிருக்கிறோம்.

இரவெல்லாம் ஊர்பேர் தெரியாத யாருடைய
ஓடாத வாஷிங் மெஷினுக்கோ
ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறாள்.
வீட்டுக்கு வரும்போது வார்த்தை மிச்சமிருக்காதுதான்
என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தோலுரிக்கையில் விரல்நுனி சுடுகிறது.
ஊதினால் உமி பறந்து
டுக்டுக் சாவியின் மேல் உட்காருகிறது.
மேசை விளிம்பில் திருகி மாட்டிய சோள மில்லில்
இரண்டு முறை அரைக்கிறேன்.
முதல் முறை மண்.
இரண்டாம் முறை சேறு, பளபளவென்று,
கொட்டைக்குள் ஒளிந்திருந்த எண்ணெய்
உரசிய சூட்டில் இளகி வெளியே வருகிறது.

பட்டை ஒரு துண்டு.
இங்கே கொழுத்த மிளகு என்பார்களே, அதில் நாலு மணி.
தேன், பேருக்கு.
புகையில் காய்ந்த கோபான் மிளகாய்
பாதி போதும்.
முழுசாய் ஒன்று போட்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

பால் கிடையாது, தண்ணீர்தான்.
ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அதுவும் ஒரு சௌகரியம்
(இந்த நகைச்சுவையை அவளிடம் சொல்லப் போவதில்லை).

பிறகு சட்டியிலிருந்து சட்டிக்கு.
கை எட்டுமட்டும் தூக்கி, மெல்லிசாய், விடாமல்.
தாழ்த்தி ஊற்றினால் வெறும் கலங்கல்.
உயரம் கூடக் கூடத்தான் நுரை.
சூட்டை ஆற்றுவதற்கும்
ஒருத்தியை ஆற்றுவதற்கும்
ஒரே சொல் போதுமென்றால்
தோள் இப்படி வலிப்பதில் நியாயம் இருக்கிறது.
தரையெல்லாம் சிந்தியிருக்கிறேன்.

கதவு திறந்தது.
ஹெட்செட் அழுத்திய கோடு
இன்னும் அவள் முடியில்.
மேசையில் மூன்று கோப்பை.
கை பழக்கத்தில் மூன்று எடுத்துவிட்டது.
ஒன்றை மறைக்கப் பார்த்தேன்,
அதற்குள் பார்த்துவிட்டாள்.

நின்றபடியே குடித்தாள்.
இருமினாள். கண்ணில் நீர் முட்டியது.
"மிளகாயை எண்ணத் தெரியாதா உனக்கு?"
அவளுக்குத் திட்டு மட்டும்
எப்போதும் கெக்சி மொழியில்தான் வரும்.
தெரியாது என்றேன்.
"பணத்தையும்" என்றாள்.
சிரிக்கவில்லை.
கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை.

மூன்றாவது கோப்பையில்
நுரை குமிழ் குமிழாய் அடங்கிக்கொண்டிருந்தது.
எங்கே எந்த வேலிக்குப் பக்கத்தில்
எந்த லாரியின் தார்ப்பாய்க்கு அடியில் என்று
நான் நினைக்காமல் இருக்க முயன்றேன்.
அவள் ஒரு தட்டைக் கவிழ்த்து
அதன் மேல் மூடினாள்.
"சுட வைத்துக்கொள்ளலாம்" என்றாள்,
எனக்கா சுவருக்கா தெரியவில்லை.

அப்புறம், தூங்கப் போகுமுன்
சார்ஜரிலிருந்து தன் போனைப் பிடுங்கிவிட்டு
என் போனைச் செருகினாள்.
வெளியே அதே சிப்பிசிப்பி.