திருப்பி அனுப்ப ஏழு நாள்

எடைமேடைக் கூண்டுக்குள் கிட்டார் நிற்காது.
அளந்து பார்த்தேன்; கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவே
பில் மிஷின், தீயணைப்பான், சோற்றுப் பாத்திரம் போக
மிச்சம் ஒன்றரை முழம்.
ஆகவே யுகுலேலே, அதிலும் ஆகச் சின்னது, சொப்ரானோ.
ஆகவே இரண்டு,
ஒன்றைத் திருப்பி அனுப்பலாம் என்ற தைரியத்தில்.

படந்தாலுமூட்டில் மழை.
களியக்காவிளை வரைக்கும் எம்-சாண்ட் லாரிகளின் வால்விளக்கு.
முப்பத்தெட்டு டன் பார்த்த கண்
இவற்றை எதில் வைத்துப் பார்க்கும்?
சுனிஜாவின் கோழிக்கடைத் தராசுக்குக் கொண்டுபோனேன்.
இறகைத் துடைத்துவிட்டு அவளே தட்டில் கிடத்தினாள்.
கறுப்பு, நானூற்றுப் பத்து கிராம்.
வெளிறியது, ஐந்நூற்று அறுபது.
"தோலோடயா, தோலில்லாமலா?" என்றாள்.

வெளிறியதின் மேற்பலகை அசல் மரம்.
ஒரே துண்டைப் பிளந்து விரித்திருக்கிறார்கள்;
இடப்பக்கத்து ரேகைதான் வலப்பக்கமும்.
முறுக்காணிகளுக்குப் பல்சக்கரம். சுருதி அசையாது.
அசையாததன் பாரம் தலையில் இறங்க,
பிடியை விட்டால் மடியில் சாய்கிறது,
தூங்கிவிழும் கிளீனர் பையன்.

கறுப்பு வெறும் ஒட்டுப்பலகை.
துளையின் விளிம்பில் மூன்று அடுக்கு தெரியும்.
அதை மறைக்கத்தான் அந்தப் பூவளையம், அதுவும் ஸ்டிக்கர்.
டார்ச் அடித்தால் உள்ளே
வழிந்து உறைந்த பசை.
முறுக்காணிகள் உராய்வை நம்பி நிற்பவை,
மயிரிழை திருப்பினால் அரைச் சுருதி தாவும்.
ஆனால் கழுத்து!
பின்பக்கத்தை யாரோ மனசு வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.
எங்கே போகணும் என்று கட்டைவிரல் கேட்பதில்லை,
போய்விடுகிறது.

இரண்டிலும் நாலாம் கம்பி ஒன்றுபோல் முரண்டு.
தாழ்ந்து ஒலிக்கவேண்டிய இடத்தில் உச்சத்தில் நிற்கும்,
ஒருவழிப் பாதையில் எதிரே ஏறிவரும் பைக்.
பழகிவிட்டால் அதுதான் சிரிப்பு.

வெளிறியதை மீட்டினால்
கூண்டுக் கண்ணாடியைத் தாண்டி டீக்கடை வரை போகிறது ஒலி.
விரலை எடுத்தபின்னும்
மூன்று எண்ணும்வரை இருக்கிறது.
கறுப்பு, டொக்.
சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் நைட் முடித்து வந்த பெல்சியை
கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன்.
முதல் தடவை, வெளிறியது.
இரண்டாம் தடவை, வெளிறியது.
மூன்றாம் தடவை, "நிறுத்தும்."

ஆனாலும் இந்த ஊர்க் காற்று.
பன்னிரண்டாம் கட்டில் கம்பிக்கு அடியே
வந்த அன்று ஒரு ரூபாய்க் காசு ஒன்று நுழைந்தது.
ஐந்தாம் நாள் இரண்டு நுழைகிறது.
அசல் மரம் ஈரத்தைக் குடித்து வயிறு ஊதியிருக்கிறது.
கறுப்புக்கு மழையும் ஒன்று, வெயிலும் ஒன்று.

கறுப்பில் குறை இல்லையா? இருந்தது.
கட்டுகளின் முனை பல் நீட்டியிருந்தது.
ஆறாம் இரவு எடைச்சீட்டில்
வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம்.
டிரைவர் அருள்சிங் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பெல்சியின் நக அரம் என் பையில் எப்படி வந்ததோ.
பன்னிரண்டு கட்டு, இருபுறமும் இருபத்துநான்கு முனை.
ஒரு லாரி, இரண்டு முனை.
ஒரு லாரி, ஒரு முனை.
இடையில் கரண்ட் போனது, தடவிப் பார்த்து அரைத்தேன்.
நாலு மணிக்குச் சுட்டுவிரலை ஏற்றி இறக்கினேன்.
ஒன்றும் தட்டவில்லை.
மடியெல்லாம் உலோகத் தூள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
கைவைத்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள்,
விதி எட்டு, சின்ன எழுத்தில்.

ஏழாம் நாள் காலை கூரியர் பையன் மழைக்கோட்டோடு நின்றான்.
"எதுண்ணே?"
பெட்டியில் வைக்குமுன் வெளிறியதை ஒருதரம் மீட்டினேன்.
எண்ணினேன். இன்று நாலு வரை போனது.

எடை என்ற கட்டத்தில் அவன் குத்துமதிப்பாக
ஒரு கிலோ என்று எழுதினான்.
நான் திருத்தவில்லை.