தின்னர் வாசனை

மூன்று நாளாய் ஜிகினா
தீவனத்தை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது,
கூட்ஸ் வண்டி போகிறது போகிறது போய்க்கொண்டே இருக்கிறது.
அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி பல்லை நறநறக்கிறாள்.

வாயருகே மூக்கை வைத்தேன்.
தின்னர்.
எனக்குத் தெரியாதா அந்த வாசனை?
பதினோரு வருஷமாய் மணலி யார்டில்
கண்டெய்னரைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறேன்.
வீட்டுக்குள் நுழைந்தால் மகன்
"யம்மா, டப்பாவை மூடு" என்பான்.
டப்பா நான்தான்.

ஆனால் வயிற்றுச் சுமையோடு இருக்கிறவள்
எங்கே போய் தின்னர் குடித்தாள்?

"குடிக்கலக்கா, உள்ளேயே காய்ச்சறா" என்றான் பூவரசன்.
கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பையன்,
நாமக்கல் பக்கம்.
ஐஸ் பெட்டியோடு ரயிலேறி வருவான்,
ஈனுவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு குப்பி ரத்தம்,
ஒரு வாரம் முன்னால் ஒன்று.
அவன் நோட்டில் ஜிகினாவுக்குப் பேர் கிடையாது,
பதினாலாம் நம்பர்.

வயிற்றில் இரண்டு, ஒருவேளை மூன்று.
கடைசி மாசம்தான் கிடுகிடுவென்று வளருமாம்,
வாடகை தராத குடித்தனக்காரர் போல
இரைப்பையை மூலைக்குத் தள்ளிவிட்டு.
தின்ன இடமில்லை, கேட்கிற வாய் அதிகம்.
சர்க்கரை தீர்ந்தபின் உடம்பு
தன் கொழுப்பையே உருவி அடுப்பில் போடுகிறது.
அடுப்பு ஈரல்.
தாங்காமல் புகைகிறது.
அந்தப் புகைதான் மூச்சில்.

அதற்கப்புறம் அவன் இங்கிலீஷில் போனான்.
"தமிழ்ல சொல்லு நைனா" என்றேன்.
யோசித்தான்.
"உயிருக்கு வேணும்னு இழுக்கற ஆக்ஸிஜன்தான்.
கொஞ்சம் உள்ளே போய்க் கட்டு மீறி அலையுது,
செல்லைக் கடிக்குது. பிரசவத்தை ஒட்டி ஜாஸ்தி.
எப்படிச் சொல்றது... துரு மாதிரி."

துரு!
இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?
எண்ணூர்க் காற்றில் ஒரே ராத்திரியில்
கதவுக் கீல் சிவந்துபோவதைப் பார்த்தவள் நான்.
வெளியே பளபளவென்று நிற்கும்,
உளியால் ஒரு தட்டு தட்டினால்
பொறை பிஸ்கட் மாதிரி உதிரும்.
முதலில் மூலை போகும்.
அப்புறம் தரை,
எடை தாங்கின இடம்.

துணிக்கொடியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டினான்,
நைட்டிக்கும் பள்ளிக்கூட டவுசருக்கும் நடுவே.
தொடையில் இன்னொரு ஊசி, வைட்டமின்.
"இது இன்னா, பிரைமரா?" என்றேன்.
"அப்படித்தான் வச்சுக்கோங்க.
துருவைத் தடுக்கும். போன இரும்பைத் தராது."

ராத்திரி இரண்டு மணி.
கரண்ட் இல்லை, போன் வெளிச்சம்.
முதல் குட்டி தும்மிக்கொண்டே விழுந்தது.
இரண்டாவது காலைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.
என் கை சின்னது என்று என்னையே விடச் சொன்னான்.
உள்ளே அவ்வளவு சூடு.
இழுத்தேன். வந்தது.
சாக்கால் தேய்த்தோம், மூக்கில் ஊதினோம்.
ஜிகினா இரண்டையும் ஒரே மாதிரி நக்கினாள்,
அசைந்ததை, அசையாததை.

மூன்றாவது குப்பியை நிரப்பிக்கொண்டான்.
சீம்பால் இறங்க இறங்க
சுண்ணாம்புச்சத்தும் அதோடு போகும், பார்த்துக்கோங்க என்றான்.

நான் ராயபுரம் ஆஸ்பத்திரியில் பெற்றேன்.
வெள்ளை மாத்திரை தந்தார்கள், முட்டை தின்னச் சொன்னார்கள்.
நாற்பதாம் நாள்
உளியும் தின்னருமாய் யார்டில் நின்றேன்.
குறுக்கெலும்பில் ஏதோ உதிர்ந்தது
அன்றைக்கா, அப்புறமா, தெரியாது.

"ஒரு குப்பி மிச்சம் கீதில்ல?"
கையை நீட்டினேன்.
சிரித்தான்.
நான் கையை மடக்கவில்லை.
சிரிப்பு நின்றது.
"ஆட்டுக்குத்தான்கா பர்மிஷன்" என்றான்
ஐஸ் பெட்டியைப் பார்த்து.

விடிந்ததும் ஜிகினா தின்ற முதல் சாப்பாடு
மின்பெட்டியில் ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டர்,
பசையோடு, ஓரத்திலிருந்து.
ஒற்றைக்குட்டி மடியை முட்டுகிறது.
வேலைக்குக் கிளம்புமுன்
அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி மோந்தேன்:
மைதா, பால்,
இன்னும் லேசாய்த் தின்னர்.

அது
என் கையாகவும் இருக்கலாம்.