சத்தம் பிறகு சேர்க்கப்படும்

மூடிப்போன நூற்பாலை ஒன்றுக்குள்
இரவு விடுதி போட்டிருந்தார்கள்.
சோஃபியாவில் ஜனவரி; டிராம் கம்பிகளில் பனி.
உள்ளே கோடைகாலம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

கையில்லாச் சட்டை. கோப்பையில் ஆறிய தேநீர்,
விஸ்கி நிறத்துக்கு.
வீட்டிலிருந்து போட்டு வந்த என் குதிகால் செருப்புக்கு
அடியில் கம்பளித் துண்டு ஒட்டினாள் ஸ்னெஜானா.
தலைவரின் வசனம் மட்டுமே பதிவாகுமாம்.

ஆகவே பாட்டு கிடையாது.
எழுபது பேர்
இல்லாத பாட்டுக்கு ஆடினோம்.
முட்டிகள் சொடுக்கும் ஒலி,
யாருக்கோ வயிறு இரைகிற ஒலி.

ஏழாம் அத்தியாயம்:
வேட்பாளர் மக்களோடு மக்களாக வியர்க்கிறார்.
வேடம் கட்டிய ஒக்னியான் நல்லவன்,
இடைவேளையில் நான் நடுங்குவதைப் பார்த்து
தன் கோட்டைக் கொடுத்தான்.
விளக்கு வந்ததும் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு
கழற்றி
எங்கள் தலைக்கு மேல் வீசினான்.
மேசைமீது ஏறினான்.
"இதுதான் என் அலுவலகம்!"
கத்துங்கள் என்று கைகாட்டினார் உதவி இயக்குநர்.
கத்தினோம், கழுத்து நரம்பு புடைக்க,
குரலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு.
பதினான்கு தடவை.
ஒவ்வொரு தடவையும் அவன் நெற்றிக்கு
ஒரு பெண் ஓடிவந்து வியர்வை தெளித்தாள்.

ஏப்ரலில் ஒளிபரப்பானது.
பக்கத்து வீட்டு போரிமிர் கதவைத் தட்டினார்:
"அடேயப்பா, என்ன கத்துக் கத்துகிறாய் நீ!"
போய்ப் பார்த்தேன்.
என் வாய்தான்.
அதிலிருந்து இருபது வயதுக்காரி ஒருத்தி அலறினாள்,
எங்கேயோ வாங்கி ஒட்டிய அலறல்.
நன்றாகத்தான் பொருந்தியிருந்தது.

மே மாதம் நிஜத் தேர்தல்.
சதுக்கத்தில் நிஜ வேட்பாளர் கோட்டைக் கழற்றினார்.
எந்தத் தோள் முதலில் என்பதுவரை
எனக்குத் தெரிந்திருந்தது.
கூட்டம் ஓவென்றது.
நானும் திறந்தேன், பழக்கதோஷம்,
ஒன்றும் வரவில்லை.
பக்கத்துப் பையன் தோளில் தட்டினான்:
"இன்னும் சத்தமா, அத்தை."

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி.
அதே செருப்பு; என்னிடம் இருக்கும் நல்ல செருப்பு அதுதான்.
கம்பளியைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை, பசை அப்படி.
நீண்ட நடையைக் கடந்து போனேன்.
பட்டியல் புரட்டிக்கொண்டிருந்தவள்
மேசையில் என் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நீங்கள் எப்போது வந்தீர்கள்?"