இதர

பதினோராவது வாய்தாவுக்கு
குளச்சலில் ஏறி நாகர்கோவிலில் இறங்கும்போது
ஷாபினுக்குச் செருப்பு வார் அறுந்துபோனது.
ஊக்கு குத்திக் கூட்டிப் போனேன்.

எதிர்மனுவில் கிளீட்டஸ் எழுதியிருக்கிறான்:
விசைப்படகில் வெறும் கூலியாள்,
தடைக்காலத்தில் அதுவும் இல்லை.
சிராங்கு என்ற சொல்லையே காணோம்.
கணவாய் என்ன விலைக்குப் போகிறதென்று
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற
என்னிடமா?

என் பங்குக்கு நானும் எழுதினேன்.
பால், டியூஷன், வேன் வாடகை, மூச்சிரைப்புக்கு மருந்து.
‘இதர’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
ராத்திரி முழுக்க எரிகிற முன்னறை லைட்டை
எத்தனை ரூபாய் என்று போட?
எந்த பைக் சத்தம் கேட்டாலும்
எழுந்து உட்காருகிறான்.

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து
நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினான் கிளீட்டஸ்.
பிள்ளை என் முகத்தைப் பார்த்தது.
“வாங்காத மக்கா,
அதையும் ஜீவனாம்சத்துல கழிச்சிருவாவ.”
லீலாபாய் வக்கீல் சிரிக்காமல்தான் சொன்னார்.

வாங்கினான்.
பிரித்து முதல் துண்டை
அப்பனுக்கே கொடுத்தான்.
அவன் மென்ற சத்தம்
இந்தத் தூண்வரை கேட்டது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.
நீதிபதி விடுப்பு.
அடுத்த மாதம் பதினேழு.

செருப்புக் கடையில்
போன தடவை அளவைச் சொன்னேன்.
கடைக்காரர் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு
இரண்டு நம்பர் பெரிதாக எடுத்தார்.

ரசீது கேட்டு வாங்கினேன்.