மீந்த மூச்சு

ஒரு நாளைக்கு இருபத்து நான்கு பேர்.
அறுவர் அறுவராக, எட்டு நிமிடம்.
வாசலில் நிற்கும் நான்
முகம் பார்ப்பதில்லை,
மூச்சைத்தான் எண்ணுகிறேன்.

உள்ளே, தேன்கூடு போலக் குவிந்த கல்லறைக் கூரையில்
திரேசியர் தீட்டிய ஒரு குதிரை.
முன்னங்கால் குளம்பு இப்போது இல்லை.
பேருந்து பேருந்தாக ஆள் இறங்கிய வருடங்களில்
ஈரச் சுண்ணாம்போடு அது உதிர்ந்ததை
யாரும் பார்க்கவில்லை.
பெருக்குகிறவள் பார்த்திருக்கலாம்.
பெருக்கியிருக்கலாம்.

எண்ணிக்கையைக் குறைத்த அன்று
ஸ்தொயில் தன் வேனைப் பாதையின் குறுக்கே நிறுத்தினான்.
"செத்தவன் வீட்டுச் சுவருக்காக
உயிரோடிருப்பவன் வயிற்றில் அடிப்பீர்களா?"
அன்று என்னிடம் பதில் இல்லை.
இன்றும் இல்லை.
ரோஜா எண்ணெய்க் கடைகளில் இரண்டுக்குப் பூட்டு.
மேட்டுக்குக் கீழே ஒரு நகல் கல்லறை கட்டிக் கொடுத்தார்கள்.
அங்கே குதிரைக்கு நான்கு குளம்பும் உண்டு.
குழந்தைகள் தடவிப் பார்க்கிறார்கள்.
யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

போன வியாழன் ரூசேயிலிருந்து ஒரு பெண்மணி, ருமியானா.
கையில் இரண்டு சீட்டு,
பதினொரு மாதம் முன்பே பதிந்தவை.
"கணவர் மார்ச்சில் போய்விட்டார்.
அவர் பங்கு மூச்சு மீந்திருக்கிறது.
நான் இரட்டிப்பு நேரம் நிற்கலாமா?"

விதிப் புத்தகத்தில் இதற்கு வரி இல்லை.
நான் ஈரமானியைப் பார்த்தேன்.
அது என்னைப் பார்க்கவில்லை.

அவளே திரும்பினாள்.
வேனில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த
ஸ்தொயிலிடம் ஒரு சீட்டை நீட்டினாள்.
"நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள்."
இருபது வருடமாக ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியவன்
எங்கள் ஊர் வழக்கப்படி
தலையை மேலே வெட்டினான்:
இல்லை.

உள்ளே, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டான்.
கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன்.
கன்னம் உப்ப, முகம் சிவக்க
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்,
ஆற்றில் முங்கும் பையன் மாதிரி.
முடியாமல் போனபோது
சட்டைக் காலரை இழுத்து
அதற்குள் விட்டான்.
பக்கத்தில் ருமியானா
குதிரையைப் பார்க்கவில்லை,
குளம்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து "குளிர்" என்றான்.
அவ்வளவுதான்.

பதிவேட்டில் எழுதினேன்: சென்றவர் ஆறு.
ஐந்தரை என்று எழுதக்
கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மனு வந்தது,
அறுபது பேரை விடச் சொல்லி.
முதல் கையெழுத்து ஸ்தொயிலுடையது.
அதன் மேல்
ஒரு விதைத்தோல் ஒட்டியிருந்தது.