மடிப்புக்குள் ஓர் எழுத்து

சாட்சியால் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால்
கோர்ட் சாட்சியிடம் வரும்.
கிளைட்பேங்கில், மூன்றாம் மாடியில்,
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்
ஆணையர், இரண்டு வக்கீல்கள், ஒரு கேமரா,
சுருக்கெழுத்துக்கு நான்.
நாற்காலி போதாமல் யூனா கில்ஃபெடர்
குளியலறை ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்தாள்.
அது எனக்கு.

டெர்மட் கில்ஃபெடர். வயது எழுபத்தைந்து.
தொழில், கப்பலின் நீராவிக் குழாய்களுக்கு
சூடு போகாமல் உறை பூசுவது.
நோய், மீசோதெலியோமா.
எழுத்துக் கூட்டிச் சொன்னார், எனக்காக நிதானமாக.
"இதை வாயில் வரவைக்கவே
ஒரு மாசம் ஆச்சு."

"பொடியைத் தண்ணீரில் குழைப்போம்.
குரங்குச் சாணி என்று பேர்.
உருட்டி ஒருத்தன்மேல் ஒருத்தன் எறிவோம்.
பதினைந்து வயசு.
கப்பலுக்குள்ளே ஜூலையிலும் பனி விழும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பொடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்றார்கள்.
பார்த்துக்கொண்டேன். கண் நன்றாக இருக்கிறது."

சிகிச்சையைப் பற்றிக் கேட்டார்கள்.
"விலாவில் குழாய் விட்டு
ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள், கட்டங்காப்பி நிறத்தில்.
திரும்ப நீர் கோக்காமல் இருக்க
உள்ளே டால்க் தூவினார்கள்.
தூள்தானே இதுவும் என்றேன்.
ஆமாம் என்றாள் டாக்டர்.
இந்தத் தூளுக்காவது
என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.
இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏறுகிறது.
குணமாகாது, நாள் கூடலாம்.
எத்தனை நாள் என்று யூனா கேட்டாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்."

இந்த வேலைக்கு நான் வந்த புதிதில்
இவரைப் போன்றவர்கள் வழக்கை முடிக்காமலே போவார்கள்.
உயிரோடு பணம் வாங்கினால்
பெண்டாட்டி பிள்ளைகளுக்கு வழக்கு இல்லை.
வாங்காமல் செத்தால் அவர்களுக்குக் கூடுதல்.
மூச்சுக்குத் திணறிக்கொண்டே கணக்குப் போட்டவர்களை
நான் எழுதியிருக்கிறேன்.
பிறகு சட்டம் மாறியது. இப்போது இரண்டும் உண்டு.
நிரூபித்தால்.

தளம் இல்லை, இடித்தாயிற்று.
கம்பெனியும் இல்லை.
அதன் காப்பீட்டுக்காரர் மட்டும் இருக்கிறார்,
அவருக்கு எடின்பரோவிலிருந்து ஒரு வக்கீல்,
முழங்கால்களைச் சேர்த்துவைத்து, மிக மரியாதையாக:
மூட்டையில் யார் பெயர் இருந்தது?
அறுபது வருடம் ஆகிறதே, எப்படி நினைவு?

"வாட்டி பிரன்டன் மழைக்கு
காலிச் சாக்கை முதுகில் போர்த்திக்கொள்வான்.
காலை ஆறரைக்கு அவன் முன்னால், நான் பின்னால்,
இரண்டு குளிர்காலம் அந்த முதுகைத்தான் படித்தேன்.
பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு படித்ததில்லை."

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.
நடுவில் நிறுத்தினார்.

"இங்கே ஒன்று உண்டு.
அது எப்போதும் மடிப்புக்குள் இருந்தது.
நான் பார்க்கவில்லை."

அப்படியென்றால் வேறு பெயராகவும் இருக்கலாம்?

அவருடைய வக்கீல் பேனாவை மூடிவைத்தார்.
யூனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கலாம்.
பார்த்ததுக்குத்தான் சத்தியம் பண்ணினேன்.
மற்றதை வாட்டிதான் சொல்லணும்.
அவனும் இதே நோயில் போய்விட்டான்."

அதன்பின் நான்கு நிமிட இருமல்.
இருமலுக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது.
'சாட்சி ஓய்வெடுத்தார்' என்று போடுவது வழக்கம்.
அது ஓய்வு இல்லை.
போட்டேன்.

இரவு வீட்டில் தட்டச்சு செய்யும்போது,
பக்கம் நாற்பத்தொன்று,
பாதிப் பெயரை அடிப்பதற்குள்
கணினி மீதியைத் தானே நிரப்பியது.
அதற்குத் தெரிந்திருக்கிறது.
எத்தனை வழக்குகளில் எத்தனை முறை
என் விரல்களே கற்றுக்கொடுத்ததோ.

திரையில் முழுப் பெயர், குறையில்லாமல்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேநீர் ஆறிவிட்டது.

பிறகு அழித்தேன்.
அவர் சொன்ன எழுத்துகளை மட்டும்
சொன்ன வரிசையில் அடித்து,
நடுவே இடம் விட்டேன்,
ஓர் எழுத்து அகலத்துக்கு.