வெளியே விழுந்தவர்கள்

கிரிம்ஸ்பி. மீன் ஆலை. இரவு இரண்டே கால்.
கையுறையைக் கழற்றாமலே
தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தார் நெவில்.
"அவர் உங்கள் தம்பிதானே,
ஏன் தனியாக உட்கார்கிறார்?"
வைதா கேட்டது சும்மா ஒரு பேச்சுக்கு.
கடைசி மேசையில் ரொட்டி தின்பவருக்கும்
அதே மூக்கு, அதே இடப்பக்கச் சாய்வு.

"வீ ஃபெல் அவுட்," என்றார் நெவில்,
கோப்பைக்குள் பார்த்தபடி.

லித்துவேனியாவிலிருந்து வந்து ஏழு மாதம்.
ஃபால் தெரியும் அவளுக்கு:
பனி உறைந்த படிக்கட்டு, வீங்கிய முழங்கை.
அவுட்டும் தெரியும்:
கதவுக்கு மேலே பச்சை விளக்கில்
ஓடிக்கொண்டே இருக்கும் மனிதன்.
இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள்.
ஒரு படகு. இரண்டு பையன்கள். சாம்பல் நிறக் கடல்.

"அடி பட்டதா?" என்றாள்.

நெவில் சிரித்தார்.
டோரீனுக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது.
"விழவெல்லாம் இல்லை கண்ணு,
சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோச்சு.
ஒரு அலுமினிய ஏணி.
இரவல் போனது, ஒரு படி வளைந்து வந்தது.
ஆயிற்று பதினாறு வருடம்."

தமிழில் இதை எழுதும் நான்
இந்த இடத்தில் கொஞ்சம் தடுக்குகிறேன்.
நம் உறவுகளில் விழுவது விரிசல்தான்.
ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.
இவர்கள் மொழியில் ஆட்களே விழுகிறார்கள்.
எதிலிருந்து என்று சொல்வதில்லை.
தள்ளியது யார் என்று கேட்க
அந்த வினைச்சொல்லில் இடமும் இல்லை.
பல் விழுவதும் இதே சொல்லில்தான்.
முடி கொட்டுவதும்,
ஓட்டைப் பை வழியே சில்லறை போவதும்.
அணிவகுத்தவர்களைக் கலைந்து போகச் சொல்லி
சார்ஜென்ட் கத்துவதும் இதையேதான்.

மணி அடித்தது.
பெல்ட் நகர்ந்தது, ஹாடக், ஹாடக்,
நடுவில் வழிதவறிய ஒரு நண்டு.
ஆல்வின் அதை எடுத்து ஓரமாக வைத்தார்.
அண்ணன் பார்த்தார்.
பார்க்காத மாதிரி பார்த்தார்.

நாலு மணி வாக்கில்
தரையைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக்கொண்டிருந்த
வைதாவின் பக்கத்தில் வந்து நின்றார் நெவில்.
"பட்டது," என்றார்.
தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.
"என்ன?"
"நீ கேட்டாயே,
அடி பட்டதா என்று."

அவள் குழாயை மூடுவதற்குள்
அவர் போய்விட்டிருந்தார்,
காலிப் பெட்டிகளை எடுக்க,
தம்பி இல்லாத வழியாகச் சுற்றிக்கொண்டு.